பையனிடம் பொறுப்பை ஒப்படையுங்கள்: புதிய சாரண ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தலைமையாசிரியர் ஒரு நாள் உங்களை அழைத்து, "சாரணர் படையை இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருப்பார். ஒரு விசில், ஒரு பழைய பதிவேடு, ஓரம் கிழிந்த இரண்டு கூடாரங்கள் உங்கள் கைக்கு வந்திருக்கும். அடுத்த நாளே பெரும்பாலான ஆசிரியர்கள் தொடங்குவது அணிவகுப்புப் பயிற்சியைத்தான். சுதந்திர தினம் வருகிறது, பையன்கள் நேராக நடக்க வேண்டுமே!

நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டே ஆண்டுகளில் எங்கள் படையின் நடையைப் பார்த்து விருந்தினர்கள் பாராட்டினார்கள். அதே பையன்கள் மாலையில் பஸ் படிக்கட்டில் தொங்கினார்கள். கீழ் வகுப்புப் பிள்ளைகளின் தின்பண்டத்தைப் பிடுங்கினார்கள். என் கண்ணுக்கு எதிரே இருந்த ஒழுங்கு, நான் முதுகைத் திருப்பியதும் கலைந்தது. அது என் விசிலுக்கு அவர்கள் காட்டிய பணிவு மட்டுமே என்று புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று.

சாரண இயக்கம் தர விரும்புவது வேறு. யாரும் பார்க்காத இடத்திலும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் பழக்கம் அது. அறிவுரையால் அது வருவதில்லை. உண்மையான ஒரு வேலையைப் பையனிடம் கொடுத்து, அதன் விளைவை அவனே சுமக்க விட்டால் மெல்ல மெல்ல வருகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் செய்வதற்குத்தான்.

இயக்கத்தின் தோற்றமே இதற்குச் சான்று. தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரம் 1899-1900இல் 217 நாள்கள் முற்றுகையில் இருந்தபோது, அங்கிருந்த சிறுவர்கள் செய்தி கொண்டு செல்லவும் காவல் பார்க்கவும் பழக்கப்பட்டார்கள். பெரியவர்களின் வேலையை நம்பிக் கொடுத்தால் பையன்கள் அதற்கேற்ப உயர்கிறார்கள் என்பதை, பின்னாளில் சாரண இயக்கத்தைத் தொடங்கிய படைத்தலைவர் பேடன் பவல் அங்கே கண்டார். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் இருபது பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்து அவர் நடத்திய முகாமின் மையமும் அதுதான்.

தொடங்கும் முன்: உங்கள் பயிற்சி

பாரத சாரண சாரணியர் இயக்கம் நடத்தும் அடிப்படைப் பயிற்சி முகாமுக்கு முதலில் நீங்கள் போய் வாருங்கள். சான்றிதழுக்காக மட்டும் போகாதீர்கள். அங்கே உங்களையும் ஓர் அணியில் போடுவார்கள். நீங்களும் அடுப்பூதுவீர்கள், பாத்திரம் தேய்ப்பீர்கள், இன்னோர் ஆசிரியரின் தலைமையை ஏற்று நடப்பீர்கள். வீட்டிலும் வகுப்பிலும் ஆணையிட்டே பழகிய நமக்கு அந்த அனுபவம் மிகவும் தேவை. அடுத்து உயர்நிலைப் பயிற்சியும், 'ஹிமாலய வுட் பேட்ஜ்' என்னும் மரச்சின்னப் பயிற்சியும் இருக்கின்றன. ஆர்வம் இருந்தால் மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் உள்ள தேசியப் பயிற்சி மையம் வரை போகலாம்.

முதல் படி: அணிகளைக் கலந்து அமையுங்கள்

ஆறு முதல் எட்டுப் பையன்கள் சேர்ந்தது ஓர் அணி. நான்கு அணிகள் இருந்தால் படை நிறைந்துவிடும். முப்பது பையன்களை ஒரே கூட்டமாக வைத்துக்கொண்டால் நீங்கள் கத்தத்தான் முடியும். எட்டுப் பேருக்குள் ஒருவன் சோம்பினால் மற்ற ஏழு பேருக்கும் தெரியும். ஒருவன் அழுதாலும் தெரியும். அணி முறை இல்லாத சாரணர் படை, சீருடை போட்ட உடற்பயிற்சி வகுப்புதான்.

அணிகளை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் உங்கள் முதல் அறச்சோதனை இருக்கிறது. பையன்களிடமே விட்டால் நண்பர்களோடு சேர்வார்கள். நண்பர்கள் என்றால் பெரும்பாலும் ஒரே தெரு. ஒரே தெரு என்றால் நம் ஊர்களில் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பார்த்தே யார் எந்தச் சாதி என்று பையன்கள் அறிந்துகொள்கிறார்கள். அந்தக் கயிறுகள் அறுந்து சண்டையாகி, அரிவாள் வரை போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

பிரவுன்சீ தீவில் பேடன் பவல் செய்ததை இங்கே நினைவில் வையுங்கள். வசதியான பள்ளிகளில் படித்த பையன்களையும், உழைக்கும் வீட்டுப் பையன்களையும் வேண்டுமென்றே ஒரே அணியில் கலந்து போட்டார். வர்க்க வேறுபாடு அத்தனை இறுகியிருந்த அன்றைய இங்கிலாந்தில் அது சிறிய செயல் அல்ல. இந்தியாவிலோ 1909இல் வந்த முதல் படைகளில் ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டுமே இடம். இந்தியப் பையன்களுக்குக் கதவு அடைக்கப்பட்டிருந்ததால்தான் அன்னி பெசன்ட் சென்னையில் தனியாக ஓர் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்க நேர்ந்தது. ஒதுக்கப்பட்டதை எதிர்த்து நம் மண்ணில் வேர் விட்ட இயக்கத்துக்குள் நாமே ஒருவரையொருவர் ஒதுக்கலாமா?

ஆகவே அணிப் பட்டியலை முதல் முறை நீங்களே எழுதுங்கள். தெரு, வகுப்பு, வயது எல்லாவற்றையும் கலக்குங்கள். ஏன் அப்படிப் பிரித்தீர்கள் என்று பையன்களிடம் விளக்கவே வேண்டாம். சீருடையில் இருக்கும்போது கழுத்தில் உள்ள ஸ்கார்ஃபைத் தவிர வேறு அடையாளம் எதுவும் கூடாது என்பதைப் பொது விதியாகச் சொல்லுங்கள். தனி ஒருவனைச் சுட்டிக்காட்டிக் கயிற்றை அறுக்கச் சொல்லாதீர்கள்.

என் படையில் ஒரு பையன், முதல் முகாமில் பொதுப் பானையில் சமைத்ததைத் தொடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கை மட்டும் தின்றுகொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். எனக்குக் கோபம் வந்தது. அவனுடைய அணித் தலைவன், அவனைவிட ஒரு வயது மூத்த பையன், என்னைத் தடுத்தான். "சார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். மறுநாள் பன்னிரண்டு கிலோமீட்டர் நடைப்பயணம். திரும்பி வந்தபோது முறுக்கு தீர்ந்திருந்தது. அணித் தலைவன் எதுவும் பேசாமல் அவனையே பரிமாறச் சொன்னான். எல்லோருக்கும் சாம்பார் ஊற்றிவிட்டு, கடைசியில் தன் தட்டிலும் ஊற்றிக்கொண்டான். கையில் இருந்த கயிறு அதன் பிறகும் ஓராண்டு இருந்தது. சீருடை போடும் நாளில் மட்டும் கழற்றி வைப்பான். பிறகு ஒரு நாள் அது இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

அணிகளுக்குப் பறவை, விலங்குகளின் பெயர் வைப்பது மரபு. புலி, சிங்கம் என்று படத்தில் பார்த்ததை வைக்காமல் பருந்து, மயில், நரி, செம்போத்து என்று ஊரில் காணக் கிடைப்பதை வைக்கச் சொல்லுங்கள். தங்கள் பறவையின் குரலையும் கூட்டையும் போய்ப் பார்த்து வருவதே அணியின் முதல் வேலையாகட்டும்.

இரண்டாம் படி: ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை

அணித் தலைவனை அணியே தேர்ந்தெடுக்கட்டும். முதல் முறை, உரக்கப் பேசுகிறவனைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். விட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி தேர்தல் வைத்தால், சாமான்களை எண்ணி வைக்கிற, மழையில் கூடாரத்தைத் தாங்கிப் பிடிக்கிற பையன் பக்கம் கண் திரும்பும். தலைமை என்றால் என்ன என்று அவர்கள் கற்றுக்கொள்வது அந்த இரண்டு தேர்தல்களுக்கு இடையில்தான்.

துணைத் தலைவன், பொருள் காப்பாளன், கணக்கு எழுதுபவன், முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பானவன், சமையலுக்குப் பொறுப்பானவன் என்று வேலையில்லாத பையனே அணியில் இருக்கக் கூடாது. வேலை உண்மையானதாக இருக்க வேண்டும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு தீர்ந்துவிட்டதை அந்தப் பையன் கவனிக்கவில்லை என்றால், நீங்கள் இரகசியமாக வாங்கி வைக்காதீர்கள். அடுத்த கூட்டத்தில் யாருக்காவது முழங்கால் சிராய்க்கும், பெட்டியைத் திறப்பார்கள், பஞ்சு இருக்காது. அன்று அவன் முகத்தைப் பாருங்கள். பெரிய ஆபத்துக்கு உங்கள் பையில் தனியாக ஒரு பெட்டி இருக்கட்டும், அது அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

மூன்றாம் படி: உறுதிமொழியை அவசரப்படுத்தாதீர்கள்

புதிதாகச் சேர்ந்த பையன் பிரவேஷ் என்னும் நுழைவு நிலையை முடித்த பிறகே உறுதிமொழி ஏற்கிறான். கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை செய்வது, பிறருக்கு உதவுவது, சாரணர் சட்டத்துக்குக் கீழ்ப்படிவது ஆகிய மூன்றையும் தன்னால் இயன்றவரை செய்வதாகத் தன் மானத்தின் பேரில் சொல்கிறான். வலக்கையில் உயரும் மூன்று விரல்கள் இந்த மூன்றையும் குறிக்கின்றன. கடவுள் என்ற சொல்லுக்குப் பதிலாகத் தருமம் என்று சொல்லவும் இயக்கம் இடம் தருகிறது. நம்பிக்கை இல்லாத வீட்டிலிருந்து வரும் பையனுக்கு இதைத் தெரியப்படுத்துங்கள்.

"இயன்றவரை" என்ற சொல்லில் நில்லுங்கள். தவறே செய்ய மாட்டேன் என்று பதினொரு வயதுப் பையனைச் சத்தியம் செய்ய வைத்தால், முதல் தவறிலேயே அவன் பொய்யனாகிவிடுகிறான். முயல்வேன் என்று சொன்னவன் விழுந்தாலும் எழுந்துகொள்ளலாம்.

சட்டம் ஒன்பது. நம்பத்தக்கவன், விசுவாசமுள்ளவன், அனைவருக்கும் நண்பன், பணிவுள்ளவன், விலங்குகளையும் இயற்கையையும் நேசிப்பவன், கட்டுப்பாடுடையவன், துணிவுள்ளவன், சிக்கனமானவன், எண்ணம் சொல் செயலில் தூய்மையானவன். ஒப்பிக்க வைப்பது பத்து நிமிட வேலை, அதோடு நிறுத்தாதீர்கள். மாதம் ஒன்றாக எடுத்து ஒரு செயலோடு சேருங்கள். கட்டுப்பாடு பற்றிய ஆறாவது சட்டத்திலேயே பொதுச் சொத்தைக் காப்பதும் இருக்கிறது. அந்த மாதம் பள்ளியின் கிறுக்கிய மேசைகளைத் தேய்த்து வண்ணம் அடித்தோம். அதில் பாதிக் கிறுக்கல் எங்கள் பையன்களுடையதே. சிக்கனத்தின் மாதத்தில் ஒவ்வொருவனும் அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்கினான்.

ஒன்பதாவது சட்டத்தைப் பல ஆசிரியர்கள் கூச்சப்பட்டுத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலையும், கைபேசியில் நள்ளிரவில் பார்க்கும் படங்களும், பெண் பிள்ளைகளைப் பற்றிய பேச்சும் பதின்மூன்று வயதிலேயே வந்துவிடுகின்றன. மிரட்டாமல், அருவருப்புக் காட்டாமல், மூத்தவர் ஒருவர் நேராகப் பேச மாட்டாரா என்று அந்த வயது ஏங்குகிறது. முகாம் தீ அணையும் நேரத்தில், மற்றோர் ஆசிரியரும் உடனிருக்க, எல்லோருக்கும் பொதுவாகப் பேசுங்கள்.

நான்காம் படி: தினம் ஒரு நற்செயல்

பயிற்சியின் தொடக்க நிலைகளில் வீட்டில் தினமும் ஒரு நற்செயல் செய்து நாட்குறிப்பு எழுதும் வழக்கம் இருக்கிறது. பயிற்சிகள் அனைத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெரும்பாலும் பொய்யாக எழுதப்படுவதும் இதுதான். "பாட்டியைச் சாலை கடக்க வைத்தேன்" என்று முப்பது நாளும் எழுதிக் கொண்டுவருவார்கள். ஊரில் அத்தனை பாட்டிகள் சாலை கடக்கவில்லை.

ஆண் பிள்ளைக்கு வீட்டில் வேலை இல்லை என்ற எண்ணத்தை உடைக்க இந்த நாட்குறிப்பைப் போல வேறு கருவி இல்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவது, தன் சட்டையைத் தானே துவைப்பது, அக்கா தங்கைக்குத் தண்ணீர்க் குடம் தூக்கித் தருவது, அம்மாவுக்குக் காய்கறி நறுக்குவது என்று வீட்டுக்குள்ளிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். கையெழுத்து வாங்காதீர்கள், மதிப்பெண் போடாதீர்கள், உரக்கப் படிக்க வைக்காதீர்கள். செய்யாத நாளில் "இன்று செய்யவில்லை" என்று எழுதுவதே நேர்மை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெற்றுப் பக்கங்கள் உள்ள குறிப்பேட்டோடு வருகிற பையனை நான் அதிகம் நம்புகிறேன்.

ஐந்தாம் படி: வாரக் கூட்டம்

வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். கொடியேற்றம், "தயா கர் தான்" வழிபாட்டுப் பாடல், நகம் முதல் காலணி வரை அணித் தலைவன் செய்யும் சோதனை, ஒரு விளையாட்டு, ஒரு திறன், அணிகள் தனித்தனியே கூடிப் பேசும் கால் மணி நேரம், கொடி இறக்கம். நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடியுங்கள். உங்கள் பேச்சு எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

விளையாட்டுக்கு எடுத்துக்காட்டு கிம் விளையாட்டு: தட்டில் 24 சிறு பொருள்களை வைத்து, ஒரு நிமிடம் காட்டி, துணியால் மூடி, நினைவிலிருந்து எழுதச் சொல்வது. கவனிக்கும் கண்ணுக்குத்தான் அடுத்தவனின் துன்பமும் தெரியும்.

ஆறாம் படி: கைத்திறன்

முடிச்சுகள் எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். ரீஃப் முடிச்சில் கயிற்றை ஒரு முறை மாற்றிப் போட்டால் பார்வைக்கு அதே போல் இருக்கும், இழுத்தால் நழுவும். ஏறக்குறையச் சரி என்ற பேச்சுக்கே அங்கு இடம் இல்லை. போலைன் முடிச்சின் கண்ணி இறுகாது. கிணற்றில் விழுந்தவரைத் தூக்க உதவும். இன்னொருவரின் உயிர் தன் விரல்களில் இருக்கலாம் என்று உணர்ந்த பையன் அசட்டையாகக் கட்டுவதில்லை.

விறகு அடுப்பை இரண்டு தீக்குச்சிக்குள் பற்றவைக்க வேண்டும் என்பது பழைய சோதனை. ஐப்பசி மழையில் நனைந்த தென்னை மட்டையை வைத்துக்கொண்டு இதைச் செய்யச் சொல்லுங்கள். உலர்ந்த பாளை, சுள்ளி, விறகு என்று பொறுமையாக அடுக்குகிறவன் மட்டுமே வெல்வான். அவசரக்காரப் பையன் இரண்டு குச்சியையும் வீணாக்கிவிட்டு, பக்கத்து அணியிடம் நெருப்பு கேட்டுப் போவான். அந்த நடை அவனுக்கு நல்லது.

ஏழாம் படி: முகாம்

மற்ற எல்லாப் படிகளும் இதற்கான தயாரிப்பு. ஆண்டுக்கு இரண்டு முகாமாவது வையுங்கள். முதல் முகாம் ஓர் இரவு போதும், பள்ளி மைதானமே போதும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், பள்ளியின் அனுமதி, அருகில் உள்ள மருத்துவமனையின் எண், ஒவ்வொரு பையனின் ஒவ்வாமையும் மருந்தும் எழுதிய தாள் கையில் இருக்க வேண்டும். எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பையனோடும் தனியறையிலோ ஒரே கூடாரத்திலோ இருக்கக் கூடாது. ஏரி, ஆறு, கிணறு என்றால் நீச்சல் தெரிந்த பெரியவர் கரையில் நிற்காமல் ஒருவரும் இறங்கக் கூடாது. மூத்த பையன்கள் இளையவர்களைச் சீண்டும் வேடிக்கைகளை முதல் இரவிலேயே நிறுத்துங்கள்.

மற்றதெல்லாம் பையன்களுடையது. பணத்தை அணியிடம் கொடுங்கள். சந்தைக்கு அவர்களே போகட்டும். ஒருமுறை ஓர் அணி முதல் நாளே எல்லாப் பணத்துக்கும் கோழி வாங்கிச் சமைத்துவிட்டது. மறுநாள் காலை அவர்களிடம் இருந்தது அரிசியும் உப்பும். கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். பக்கத்து அணி கொஞ்சம் துவையல் கொடுத்தது. கடைக்குப் போய் வரலாமா என்று என் கை துடித்தது. போகவில்லை. பசியால் யாரும் வாடவில்லை; அடுத்த முகாமில் அந்த அணியின் கணக்குப் புத்தகத்தை மற்றவர்கள் வாங்கிப் பார்த்தார்கள்.

முகாமை விட்டுக் கிளம்பும்போது இரண்டே இரண்டை விட்டுச் செல்லச் சொன்னார் பேடன் பவல்: ஒன்று, எதுவுமே இல்லாமை, மற்றது, நன்றி. குழிகளை மூடி, சாம்பலைக் கரைத்து, கயிற்றுத் துண்டு வரை பொறுக்கிய பின், தோப்புக்காரரிடம் போய் நன்றி சொல்லும் பொறுப்பை அதிகம் பேசாத பையனிடம் கொடுங்கள்.

எட்டாம் படி: தவறு நடக்கும்போது

நடக்கும். ஒரு முகாமில் அணிப் பணத்திலிருந்து நூற்றெண்பது ரூபாய் காணாமல் போயிற்று. பைகளைச் சோதிக்கச் சொல்லிச் சக ஆசிரியர் ஒருவர் வற்புறுத்தினார். நான் அணித் தலைவர்கள் கூடும் மன்றத்தைக் கூட்டினேன். கோர்ட் ஆஃப் ஹானர் என்று இயக்கத்தில் சொல்வார்கள். அணித் தலைவர்களே பேசி முடிவெடுப்பார்கள். ஆசிரியர் ஆலோசனை மட்டும் சொல்லலாம். அங்கே பேசியது வெளியே போகாது. எடுத்தவன் இருட்டில் வைத்துவிடலாம் என்று ஒரு பானையை ஓரமாக வைத்தார்கள். காலையில் நூற்று இருபது இருந்தது. மீதி செலவாகிவிட்டதாம். அதை எடுத்தவனே பிறகு தன் அணித் தலைவனிடம் வந்து சொன்னான். கூடாரத் துணிகளை ஒரு மாதம் துவைத்துத் தருகிறேன் என்று அவனே கேட்டுக்கொண்டான். பெயரை எனக்குச் சொல்ல மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பை மதித்தேன்.

அடி, முட்டிபோட வைத்தல், கூட்டத்தின் முன் அவமானப்படுத்துதல் மூன்றும் படையில் கூடாது. சட்டம் தடுக்கிறது என்பது ஒரு காரணம். அவமானப்பட்டவன் அடுத்த முறை பிடிபடாமல் இருக்கத்தான் கற்றுக்கொள்கிறான் என்பது இன்னொன்று.

ஒன்பதாம் படி: விருதுகளும் மூத்தவர்களும்

பிரதம, துவிதீய, திருதீய சோபான்கள் என்னும் மூன்று படிநிலைகள், மாநில அளவில் ராஜ்ய புரஸ்கார், தேசிய அளவில் குடியரசுத் தலைவர் விருது என்று ஏணி நீள்கிறது. ரயில்வே பணிகளில் சாரணர் ஒதுக்கீடும் உண்டு. எளிய வீட்டுப் பையனுக்கு அது பெரிய கதவு, அதை இகழாதீர்கள். ஆனால் செய்யாத பயிற்சிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் போடும் ஒரு பொய்க் கையெழுத்து, முதல் சட்டத்தைப் பற்றி நீங்கள் பேசிய அத்தனையையும் அழித்துவிடும். என்னிடம் ஒரு பெற்றோர் இதற்காக அழுதிருக்கிறார், மறுத்தேன், அந்தப் பையன் அடுத்த ஆண்டு முறையாகத் தேர்வெழுதினான்.

2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் நடந்த வைரவிழாப் பெருந்திரளணி போன்ற நிகழ்வுகளுக்குக் கூட்டிப் போங்கள். மொழி தெரியாத வடமாநிலப் பையனோடு சைகையிலேயே பேசி ஸ்கார்ஃப் மாற்றிக்கொண்டு வருகிறவனுக்கு நாடு என்ற சொல் வேறு விதமாகக் கேட்கும்.

பதினாறு வயதில் பாதிப் பேர் விலகிவிடுவார்கள். விலகாமல் இருக்க அவர்களுக்குத் தேவை கூடுதல் சின்னம் அல்ல, தங்களை நம்பியிருக்கும் சிறியவர்கள். குருளையர் எனப்படும் சிறு வயதுச் சாரணர்களின் கூட்டத்துக்கு உதவ அனுப்புங்கள். திருவிழாக் கூட்டத்தில் தண்ணீர் கொடுக்கவும் வழிதவறிய குழந்தைகளைச் சேர்க்கவும் பொறுப்பாக நிறுத்துங்கள். மூத்த பிரிவான திரி சாரணரின் (ரோவர்) குறிக்கோள் சேவை என்ற ஒரே சொல்.

ஆண்டு முடிவில்

படை எப்படி இருக்கிறது என்று அறிய என்னிடம் ஒரு சோதனை உண்டு. ஆண்டு இறுதியில் ஒரு கூட்டத்துக்கு, இன்னோர் ஆசிரியரை வளாகத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, இருபது நிமிடம் தாமதமாகப் போங்கள். கொடி ஏறியிருக்கிறதா, சோதனை முடிந்திருக்கிறதா, புதுப் பையன் தனியாக நிற்கிறானா, யாராவது அவனோடு நிற்கிறார்களா என்று மதிலோரம் நின்று பாருங்கள். நடந்ததையும் நடக்காததையும் குறித்துக்கொண்டு, எதுவும் சொல்லாமல் உள்ளே போய் உங்கள் இடத்தில் நில்லுங்கள். குறித்தவற்றை அடுத்த வாரம் அணித் தலைவர்கள் மன்றத்தில் கேள்வியாக வையுங்கள்.